கொழகொழவின் விரல்கள்

அலுவலகத்தில் அவளுக்குச் சளி என்று பெயர். யாரும் திட்டி வைத்த பெயர் இல்லை, பாராட்டி வைத்தது. மூக்கிலிருந்து ஒழுகுவதை அவளைப் போல வரைய அந்த ஸ்டுடியோவில் வேறு ஆள் கிடையாது. தண்ணீராக ஒழுகும் சளி ஒரு நடை நடக்கும், நூலாக இறங்கி நடுவழியில் யோசித்துவிட்டுச் சொட்டும் சளி இன்னொரு நடை நடக்கும் என்பாள். மூச்சு விட்டால் ஊதிப் பெருத்து உடைகிற குமிழிச் சளிக்கு அவள் எடுத்துக்கொண்ட சிரத்தையைப் பார்த்து இயக்குநரே எழுந்து நின்று கை தட்டியிருக்கிறார். அவள் இயற்பியலில் பட்டம் வாங்கியவள். குடும்பத்தில் முதல் பட்டம். அத்தனை வருடப் படிப்பில் பாகுத்தன்மை என்ற ஒரே ஒரு பாடம்தான் இப்போது அவளுக்குச் சோறு போட்டது. அந்தப் பாடத்தை எடுத்த பேராசிரியை என்றைக்காவது தொலைக்காட்சியைப் போட்டுப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று அவளுக்குச் சில நேரம் தோன்றும். அந்த யோசனையை அதிக தூரம் போகவிடாமல் அடுத்த சொட்டை வரையப் போய்விடுவாள்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது 'பிசுபிசு விடுதி' என்ற பொம்மைத் தொடர். குழந்தைகளுக்கான பேய்க்கதை. பயம் கொஞ்சம், சிரிப்பு நிறைய, அருவருப்பு இரண்டையும் விட நிறைய. ஒரு பழைய பள்ளி விடுதி, அதில் தங்கிப் படிக்கும் நாலைந்து பிள்ளைகள். அங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லாம் பேய்கள். காவல்காரர் தன் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். வாத்தியார் தப்பாகச் சொன்னால் அவர் காதிலிருந்து ஒரு புழு எட்டிப் பார்த்துத் திருத்தும். இவர்கள் எல்லோரையும் விடப் பேர் போனவள் சமையல்காரி. அவள் பெயர் கொழகொழ. பச்சையும் மஞ்சளுமாக எந்நேரமும் உருகி வழிகிற பெண் பேய். அவள் உடம்பிலிருந்து வழிவதுதான் அண்டாவில் கொதிக்கும், அதைத்தான் பிள்ளைகளுக்குப் பரிமாறுவாள்.

"குழந்தைங்களுக்கு அருவருப்புன்னா சர்க்கரை மாதிரி. எவ்வளவு போட்டாலும் இன்னும் கேப்பாங்க" என்பது இயக்குநரின் வேதவாக்கு. அதனால் வாரம் பிறந்தால் ஒரு கூட்டம் நடக்கும். குடும்பம் குட்டி உள்ள பெரிய மனிதர்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கட்டி உடைந்தால் சீழ் எவ்வளவு தூரம் தெறிக்க வேண்டும் என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் விவாதிப்பார்கள். பார்த்து வரைவதற்காக ஜன்னலோரம் தட்டுகளில் சில சரக்குகளை வைத்திருந்தார்கள். மசித்து அழுகவிட்ட வாழைப்பழம், முட்டையின் வெள்ளைக்கரு, சோப்பு நீரில் கரைத்த மாவு. வாரக் கடைசியில் அந்தப் பக்கம் போனாலே வயிற்றைப் புரட்டும். அதைக் கையில் அள்ளி, விரலிடுக்கில் வழியவிட்டு, எப்படி வழிகிறது என்று பார்ப்பது சளியின் வேலை. மற்றவர்கள் வெறுங்கையால் அள்ளிவிட்டுச் சட்டையில் துடைத்துக்கொள்வார்கள். அவள் மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொள்வாள்.

"சளிக்கே சளி பிடிக்காது போல" என்று பக்கத்து மேசைக்காரன் கிண்டலடிப்பான். அவனுக்கு எலும்பு என்று பெயர். கணினியில் பொம்மைகளுக்கு உள்ளே எலும்புக்கூடு பொருத்துவது அவன் வேலை. எந்த மூட்டு எந்தப் பக்கம் மடங்கும் என்று முடிவு செய்பவன் அவன்தான்.

அந்த அறையில் எல்லோர் மேசையிலும் கணினித் திரைக்குப் பக்கத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். அழகு பார்க்க இல்லை. பொம்மையை அசைக்க வேண்டுமென்றால் முதலில் அவர்கள் அசைந்து பார்க்க வேண்டும். பேய் கொட்டாவி விட வேண்டுமா, கண்ணாடி முன்னால் கொட்டாவி விட்டுத் தாடை எங்கே திரும்புகிறது, கண் எப்போது சுருங்குகிறது என்று பார்த்து அதை வரைவார்கள். வெளியாள் யாராவது திடீரென்று உள்ளே வந்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டு திரும்பி ஓடுவார். ஒருத்தி நாக்கைத் தொங்கப் போட்டிருப்பாள், ஒருவன் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டிருப்பான். இந்த வேலையில் ஓர் ஆபத்து உண்டு. கண்ணாடி முன்னால் நிற்கிற உடம்பு தன்னிடம் இருப்பதைத்தான் எடுத்துக் கொடுக்கும். எங்கிருந்து எடுத்தது என்று உனக்குச் சொல்லாது.

சளியின் அம்மாவுக்கு மீன் கம்பெனியில் வேலை. பெரிய மீன் அல்ல, ஸ்க்விட் எனப்படும் கணவாய். கப்பலேறிப் போகிற கணவாயைச் சுத்தம் செய்து தர வேண்டும். தலையைப் பிடித்து ஒரு திருகு திருகி இழுத்தால் குடலும் மைப்பையும் கூடவே வரும். பக்குவமாக இழுக்காவிட்டால் பை பொத்துக்கொண்டு மை பீய்ச்சி அடிக்கும். பிறகு தோலை உரிக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் நின்றுகொண்டு விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை இதேதான். கையுறை கொடுப்பார்கள், போட்டுக்கொண்டால் வழுக்கிக்கொண்டு வேலை ஓடாது என்று யாரும் போட மாட்டார்கள். அப்பா, மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோதே வேறொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டவர். அதனால் அந்தக் கணவாய்தான் அவளை வளர்த்தது, படிக்க வைத்தது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தது.

வேலை முடிந்து வந்ததும் அம்மா நேராகப் பின்கட்டுக் குழாயடிக்குப் போவாள். சோப்பு, பிறகு உப்பு, பிறகு பாதி எலுமிச்சை. தேய்த்து முடித்துவிட்டு ஈரக்கையை மூக்கருகே கொண்டுபோவாள். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மோந்து பார்ப்பாள். ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்குப் போகும்போது புருவம் லேசாக ஏறி இறங்கும். நெற்றியில் முடி விழுந்தால் கையால் ஒதுக்க மாட்டாள். முழங்கையைத் தூக்கி அதால் தள்ளுவாள். நாற்றம் போகவில்லை என்றால் மறுபடியும் சோப்பு, மறுபடியும் உப்பு. கடைசியில் இடுப்பில் இரண்டு பக்கமும் கையைத் துடைத்துக்கொண்டு, தட்டில் சோறு போட்டுப் பிசைந்து மகள் எதிரே உட்காருவாள். காலையில் மகள் எழுவதற்கு முன்பே போய்விடுகிறவளுக்குப் பிள்ளையோடு இருக்கக் கிடைத்த நேரம் அந்த ஊட்டுகிற நேரம்தான்.

"நாறுதா கண்ணு?" என்று கேட்பாள். மகள் இல்லை என்று தலையாட்டுவாள்.

நாறும். சோப்பையும் எலுமிச்சையையும் தாண்டிக்கொண்டு, நகக்கண்ணிலிருந்து அது வரும். அந்த வயதிலேயே அவள் ஒரு வித்தை பழகிவைத்திருந்தாள். அம்மாவின் கை அருகே வருவதற்கு முன்னால் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். மூக்கைக் கையால் பொத்தாமல், உள்ளுக்குள்ளேயே அடைத்துக்கொள்ள வேண்டும். அப்போது கன்னம் இரண்டும் தானாக உப்பும். வாயைத் திறந்து வாங்கி, மென்றும் மெல்லாமலும் விழுங்கி, கை தட்டுக்குத் திரும்பிய பிறகு மூச்சை விட வேண்டும். விட்டதும் வருகிற நிம்மதியில் ஒரு சிரிப்பும் வரும். அம்மா பார்த்தது உப்பின கன்னத்தையும் அந்தச் சிரிப்பையும்தான்.

"எம் பொண்ணுக்கு நான் ஊட்டினாதான் சோறு இறங்கும். கன்னம் உப்ப உப்ப வாங்கிக்கும். முழுங்கிட்டு ஒரு சிரிப்பு சிரிக்கும் பாரு" என்பது அம்மாவின் கதை. கம்பெனியில் சொன்னாள், உறவுக்காரர் வீட்டில் சொன்னாள், மகளின் கல்லூரித் தோழிகள் வீட்டுக்கு வந்தபோதும் சொன்னாள். அந்தக் கதை தொடங்கினாலே மகள் தண்ணீர் எடுத்து வருகிற சாக்கில் எழுந்து போய்விடுவாள்.

அந்த நாற்றத்திலிருந்துதான் தன் பட்டம் வந்தது என்று தெரியாதவள் இல்லை அவள். தெரிந்தும் குமட்டிக்கொண்டு வருகிறதே, அதை என்ன செய்வது? படிப்பு மூளைக்குப் போகிறது, நாக்குக்குப் போகிறது, நடை உடைக்குக்கூடப் போகிறது. மூக்குக்கு மட்டும் போய்ச் சேருவதே இல்லை. அம்மாவை நினைத்தால் அழுகை வருகிற அதே நேரத்தில் அம்மாவின் கையை நினைத்தால் ஓங்கரிப்பும் வந்தது. இரண்டில் எது பொய் என்று அவள் தன்னையே பல முறை கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

வேலை கிடைத்ததும் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். மகள் ஏசி அறையில் உட்கார்ந்து பொம்மைப்படம் போடுகிறாள் என்று கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டாள். என்ன படம், எப்போது வரும், நாங்களும் பார்க்கலாமா என்று கேட்டால், அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கும்மா, உனக்குப் புரியாது என்று மகள் பேச்சை மாற்றுவாள். படித்து முடித்து மகள் செய்கிற வேலை மூக்குச்சளி வரைவது என்று எந்த வாயால் சொல்வது?

அந்தக் காட்சி அவள் கைக்கு வந்தபோது அதில் ஒன்றுமே இல்லை. ஸ்டோரிபோர்டு என்கிற கதைப்பலகையில் இரண்டே கட்டம். கொழகொழ கை கழுவிவிட்டு விடுதிக்குப் புதிதாக வந்த பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள். பிள்ளை முகம் சுளித்துக்கொண்டு விழுங்குகிறது. மிச்சத்தை வரைபவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தலைக்கு மேல் வேலை கிடந்த நேரம். அவள் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள். கழுவிய கையை ஒரு பேய் என்ன செய்யும்? மோந்து பார்க்கும். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். புருவம் ஏறி இறங்கியது. வழிகிற கூந்தலைப் பேய் முழங்கையால் தள்ளியது. நன்றாக இருக்கிறதே என்று மளமளவென்று வரைந்தாள். அடுத்தது பிள்ளை. மறுபடியும் கண்ணாடி. மூச்சை இழுத்தாள், கன்னம் உப்பியது. பொம்மைப்படம்தானே என்று மூக்குக்கு உள்ளேயும் போனாள்: பிள்ளையின் இரண்டு மூக்குத் துவாரத்திலும் கடை சாத்துவது போல ஷட்டர் இறங்கும், முகம் பச்சையாகும், சோறு தொண்டையில் சண்டை போட்டுக்கொண்டு இறங்கும், ஷட்டர் ஏறும், பிள்ளை பெருமூச்சு விட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். இதற்கு முன்னால் எந்தக் காட்சியும் அவள் கையில் இத்தனை லேசாக வந்ததில்லை.

எல்லோரும் கூடிப் பார்த்த அன்றைக்கு இயக்குநர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு முறை போடு, இன்னொரு முறை போடு என்று ஓடவிட்டுப் பார்த்தார்கள். எலும்பு மட்டும் கடைசியில் அவள் பக்கம் குனிந்தான்.

"இத எங்கேருந்து பிடிச்ச? இது யோசிச்சு வரைஞ்சது இல்ல. யாரையோ பாத்திருக்க."

அப்போதுதான் அவள் திரையைப் பார்த்தாள். அதுவரைக்கும் வரைந்திருந்தாளே தவிரப் பார்க்கவில்லை. பச்சையாக வழிகிற அந்தச் சதைக்கு உள்ளே அம்மா நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் சுண்டுவிரல், அம்மாவின் புருவம், அம்மாவின் முழங்கை. அறை முழுக்க அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்த இடத்திலேயே, இதை மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சும்மா தோன்றியது என்று எலும்பிடம் சொல்லிவிட்டு, மற்றவர்கள் சிரித்தபோது அவளும் சிரித்தாள். கழிப்பறைக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். மறுபடியும் கொப்பளித்தாள். புளித்த பால் குடித்த மாதிரி ஏதோ நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பகுதியில் ஒரு முறை வந்துவிட்டுப் போய்விடும், அம்மாவாவது பார்ப்பதாவது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அது போகிற வழியாக இல்லை. அந்தப் பகுதி ஒளிபரப்பான பிறகு ஒரு நாள் பேருந்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக ஏறினார்கள். ஒரு சிறுமி கையைத் தூக்கி, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மோந்து புருவத்தைத் தூக்கினாள். கொழகொழ வந்துட்டா, கொழகொழ வந்துட்டா என்று மற்றதுகள் கத்திக்கொண்டு இருக்கைக்கு அடியில் ஒளிந்தன. அவள் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கி நடந்தாள்.

அந்த வாரமே இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார். அந்த ஊட்டுகிற காட்சியை இன்னும் நீட்டி, தொடரின் தலைப்புக் காட்சியாக வைக்கப்போகிறார்களாம். இனி ஒவ்வொரு பகுதியும் அதில்தான் தொடங்கும். அதை அவளே பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டும், செய்து முடித்தால் வரைபவர்கள் குழுவுக்கு அவள்தான் தலைமை. அவள் வயதில் அந்த நாற்காலி யாருக்கும் கிடைத்ததில்லை. கேட்டதும் முதலில் சந்தோஷம்தான் வந்தது; அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. பிறகுதான் பயம் வந்தது. வாரா வாரம் வந்தால் அம்மா கண்ணில் என்றைக்காவது பட்டே தீரும். தன்னைப் பேயாக்கி ஊரே சிரிக்கிறது, அதைச் செய்தது தன் மகள் என்று தெரிந்தால்?

மாற்ற முடியுமா என்று பார்த்தாள். விரலை மோப்பதற்குப் பதில் பேய் கரண்டியை நக்குவதாக வரைந்து காட்டினாள். அண்டாவுக்குள் மூக்கைச் சிந்துவதாக வரைந்து காட்டினாள். அதில் அவளை மிஞ்ச ஆள் இல்லாததால் நன்றாகவே வந்திருந்தது. இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். "இதெல்லாம் வெறும் அசிங்கம்மா. அதுல ஒரு உயிர் இருக்கு" என்றார். சரி, கேட்டதையே கொடுத்துத் தொலைப்போம் என்று கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். இப்போது உடம்பு கொடுக்க மறுத்தது. விரலைத் தூக்கினால் பார்த்துக் காப்பியடிக்கிற மாதிரி இருந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு திருட்டு முழி அவளையே பார்த்தது.

அப்படி இரண்டு வரி வரைவதும் அழிப்பதுமாகப் போன ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பூனால்.

மருந்து ஊற்றுவதற்கு வைத்திருந்த ஸ்பூன். பழக்கமில்லாத கை, சோறு பாதி வாய்க்கும் பாதி மடிக்கும் போய்க்கொண்டிருந்தது. கையில் காயமா என்று மகள் கேட்டாள். சும்மாதான் என்றாள் அம்மா. பருக்கையைப் பொறுக்கித் தட்டில் போட்டுவிட்டு, தலை நிமிராமலே சொன்னாள்.

"உன் படம் பாத்தேன்."

"எந்தப் படம்?"

"எத்தன படம் போடுற நீ? அதான், அந்த ஒழுகுற பொம்பள."

மகள் தோளில் பை மாட்டினபடியே நின்றாள். அம்மா நிதானமாகச் சொன்னாள். கம்பெனியில் ரேடியோ என்று ஒருத்தி, வாய் மூடாதவள், சாப்பாட்டு நேரத்தில் போனில் போட்டுக் காட்டியிருக்கிறாள். உன் பொண்ணு பேர் கடைசியில ஓடுதுடி என்று எல்லோரையும் கூட்டியிருக்கிறாள். பேய் விரலை மோந்ததும், அம்மா சாப்பாட்டுக்குக் கை கழுவும்போதெல்லாம் இதைப் பார்த்திருந்த அத்தனை பேரும் அவள் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். ரேடியோ சிரித்த சிரிப்பில் ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

"நானும் சிரிச்சேன். அச்சு அசல் நான்தான். முழங்கையால முடி தள்றதுகூட விடல நீ. மை அப்பின கையோட நானே ஒரு தடவ செஞ்சு காட்டினேன், ஒருத்தி பயந்து ஓடிட்டா."

"அம்மா, நான் வேணும்னு..."

"அட, அத விடு. நான் என்ன அழகு ராணியா? பேய்னா பேய்."

அவளுக்கு மூச்சு வந்தது. இத்தனை நாள் பயந்ததெல்லாம் இவ்வளவுதானா என்று பையை இறக்கி வைத்தாள். அம்மா ஸ்பூனால் தட்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். காலித் தட்டு. அந்தச் சத்தத்தில் பல் கூசியது.

"அந்தப் புள்ளைக்கு மூக்குல கதவு சாத்துதே" என்றாள் அம்மா. "அது எதுக்கு?"

சிரிப்புக்காக என்று சொல்லிவிடலாம். சின்னப் பிள்ளைகளுக்கும்மா, உனக்குப் புரியாது என்று வழக்கம்போலச் சொல்லிவிடலாம். ஆனால் அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரியாதவளின் பார்வை இல்லை அது. பேயைப் பற்றியே பயந்து பயந்து, அதன் எதிரில் உட்கார்ந்து கன்னம் உப்ப வாங்கிய பிள்ளையை மகள் மறந்தே போயிருந்தாள். அம்மா பேயைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். பிள்ளையைப் பார்த்துத்தான் ஸ்பூன் எடுத்திருந்தாள்.

"கன்னம் உப்புறது அதுக்குத்தானா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே" என்றாள் அம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் ஏமாந்து வாங்கிய பொருளை வீட்டில் பிரித்துப் பார்க்கிறவள் சொல்வது போலச் சொன்னாள். எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள், கையைக் கழுவினாள். மோந்து பார்க்கவில்லை.

மறுநாள் அவள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இயக்குநரிடம் போனாள். தலைப்புக் காட்சியைத் தன்னால் செய்ய முடியாது என்றாள். அவர் உடம்பு சரியில்லையா, வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டார். காரணத்தைச் சொல்ல வாயெடுத்தவளுக்கு அது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கடைசியில் வந்தது ஒரே வரி.

"எனக்கு அருவருப்பா இருக்கு சார்."

வாசலில் நின்ற எலும்பு முதலில் சிரித்தான். பிறகு அறை முழுக்கச் சிரித்தது. சளிக்கு அருவருப்பாம். அன்று முழுக்க அதுதான் பேச்சு. அவள் சிரிக்கவில்லை என்று பார்த்த பிறகு இயக்குநரின் முகம் மாறியது. அவளை நம்பிக் கொடுத்த வேலை, சேனலுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று கொஞ்சம் கடுமையாகவே பேசினார். மதியத்துக்குள் காட்சி எலும்பின் கைக்குப் போனது. கூடவே அந்த நாற்காலியும். அவன் புதிதாக வரையக்கூட இல்லை. அவள் வரைந்து சேமித்து வைத்திருந்ததையே எடுத்து, விரல்களுக்கு இன்னும் ஒரு மூட்டு கூட்டி, நீட்டிவிட்டான். இன்னும் கோரமாக இருந்தது. இன்னும் நன்றாகச் சிரிப்பு வந்தது. தான் மறுத்ததால் யாருக்கு என்ன ஆயிற்று என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. கொழகொழ இனி வாரா வாரம் விரலை மோப்பாள், பிள்ளை மூக்கைச் சாத்திக்கொண்டு சிரிக்கும். வீட்டில் ஒரு ஸ்பூன் இருக்கும்.

மாலை வீடு திரும்பியபோது அம்மா குழாயடியில் இருந்தாள். சோப்பு மட்டும் போட்டாள். உப்பும் எலுமிச்சையும் பலகையில் அப்படியே இருந்தன. உள்ளே வந்து தட்டில் சோறு போட்டுக்கொண்டு ஸ்பூனைத் தேடி எடுத்தாள். மகள் அவள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வாய் குடு."

"வேற ஸ்பூன் இல்லியே" என்றாள் அம்மா.

"கையால குடு."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு? பாவம் பாக்குறியா?"

"இல்லம்மா."

எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கா? மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. சின்னப் பிள்ளைக்கு நாறியது, அவ்வளவுதான். நாறவில்லை என்று சொன்னதும் அம்மாவுக்காகத்தான். ஆனால் அந்த ஸ்பூன் அம்மாவின் கையில் மினுங்குவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அம்மா ஸ்பூனைத் தட்டோரம் வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். பழக்கத்தில் கை மூக்குப் பக்கம் போகப் பார்த்தது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டாள். ஒரு உருண்டையை எடுத்து நீட்டினாள். கை நெருங்கியதும், அவள் நினைக்காமலேயே, அவளுடைய கன்னம் இரண்டும் உப்பின.

கை அந்தரத்தில் நின்றது.

"பாரு" என்றாள் அம்மா.

அவள் மூச்சை விட்டாள். மூக்கு வழியாக, சத்தமாக. வாயைத் திறந்துகொண்டே உள்ளே இழுத்தாள். வந்தது. ஐஸில் கிடந்த சதை, துருப்பிடித்த இரும்பு, பழைய உப்பு, எதையும் மறைக்காத சோப்பு, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நேராக நெற்றிக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர் கட்டியது. அழுகை இல்லை, வெறும் குமட்டல். அவள் மென்றாள். மெல்ல மெல்ல இன்னும் நாறியது.

"நாறுதா?" என்று அம்மா கேட்டாள்.

"நாறுதும்மா."

"ரொம்பவா?"

"ரொம்ப."

அம்மா தன் கையை மூக்கருகே கொண்டுபோனாள். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மோந்தாள். புருவம் ஏறி இறங்கியது.

"அப்ப எம் மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். "நீ சிரிச்சிட்டே திம்பியா, எனக்குத்தான் மூக்குல ஏதோ கோளாறுன்னு நெனச்சிட்டு இருந்தேன் இத்தன வருசமா."

ஸ்பூனைத் தட்டிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அடுத்த வாயைத் தனக்கு உருட்டிக்கொண்டாள்.